ஆகஸ்டில் வாங்கிய முட்டை

என் மனைவி வேலை செய்யும் பார்சல் அலுவலகத்தில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பேச்சில் கூர்மை. போதாததற்குச் சட்டைக் காலரில் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருக்கும். ரசீதையும் படிவத்தையும் சேர்த்துக் குத்துவதற்கு அவளுக்கு வேறெதுவும் ஒத்துவராது. ஸ்டேப்ளர் காகிதத்தைக் கடிக்கிறதாம். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்த கையோடு நான் கொஞ்சம் ஆசையாக நெருங்கப்போக, கன்னத்தில் சுருக்கென்று ஒன்று ஏறியது. அன்றிலிருந்து அவள் சட்டை மாற்றும்வரை மூன்றடி தள்ளியே நிற்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி அறுத்து, தேய்த்து, உட்கார வைப்பது என் வேலை. அவள் முதலில் வந்தது வாடிக்கையாளராகத்தான். "லேபிள்ல எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. பார்சல் தப்பான ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணுங்க" என்றாள். தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கவலைப்படவில்லை, பார்சலைப் பற்றித்தான் கவலை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் நான் அவசரக்காரன், கோபக்காரன், மனைவியை இழந்தவன், வளர்ந்த மகள் வேறு இருக்கிறாள். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "கண்ணாடி எப்ப ரெடியாகும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். ஜனவரி மாதம், நல்ல குளிர். சாட்சிக்கு அவளுடைய அண்ணனும் என் மகளும்.

மகள் கையெழுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் அம்மா போய்விட்டாள். அழுது ஓய்ந்த பிறகு அந்தப் பிள்ளை முதலில் செய்த காரியம், அம்மாவின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வீட்டுக் கணக்கைத் தொடர்ந்ததுதான். என் முதல் மனைவி அதில் ஒரு கணக்கு மென்பொருளை ஏற்றி வைத்திருந்தாள். செலவு செய்த தேதி, எதற்கு, எவ்வளவு என்று தட்டினால் போதும். வங்கியில் இன்றைக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்லும். வங்கியும் அதையே சொன்னால் எல்லாம் சரி. அம்மா போன பிறகு ஒரு மாதம்கூட அது பிசகியதில்லை. நான் கடையில் ஒரு டீ குடித்தாலும் "அப்பா, டீ?" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இப்போது அவள் எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் படிப்பில் கடைசி வருடம். படிப்பு கழுத்தைப் பிடிக்கிறது. அப்போதுதான் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். "கணக்க அவங்க பாத்துக்கட்டுமே. நாள் முழுக்க எழுத்து வேலைதான பண்றாங்க" என்றேன். மகள் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்தாள். அவள் அம்மாவின் நாற்காலியை விட்டுக்கொடுத்தது மாதிரிதான் அது. மரமண்டை எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

என் மனைவி அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். பிப்ரவரியிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் சட்டை மாற்றி, முகம் கழுவி, ரசீதுகளை வரிசையாக அடுக்கி உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொன்றாகத் தட்டுவாள். சில வரிகள் தட்டியதும் திரையிலிருந்து மறைந்துவிடும். "இது என்ன, போட்டதும் முழுங்கிடுது?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? "உள்ள வாங்கிக்கும் போல" என்றேன், ஏதோ நானே அந்த மென்பொருளை எழுதியவன் மாதிரி. அவளும் நம்பினாள்.

வீட்டில் அவளுடைய இன்னொரு பழக்கம் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டுவது. சர்க்கரை டப்பா, பல்பு வைக்கும் பெட்டி, என் மருந்துப் பெட்டி எல்லாவற்றிலும் அச்சடித்த மாதிரி எழுத்து. சமைத்து மிஞ்சியதைக் கிண்ணத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் அதன் மேலும் தேதி. மே மாதத் தொடக்கத்தில் அவள் ஆசையாகச் செய்து வைத்த கோழி சூப்பை மகள் எடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டாள். "ஒரு மாசம் ஆன சூப்பப் போய் யாராவது வச்சிருப்பாங்களா?" என்றாள். அது முந்தாநாள் செய்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மனைவி என் கையைப் பிடித்து, "விடுங்க, வேற வச்சுக்கலாம்" என்றாள். மகள் வேண்டுமென்றே கொட்டியதாகத்தான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதே மாதத்தின் நடுவில் மகள் பரீட்சை ஒன்றை முடித்துவிட்டு, பழைய ஞாபகத்தில் கணக்கைத் திறந்திருக்கிறாள். மென்பொருள் சொன்ன இருப்புக்கும் வங்கி சொன்ன இருப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வங்கியில் பணம் குறைவு. மாதம் பிறந்ததும் என் மனைவி பணம் எடுத்திருப்பது வங்கிக் கணக்கில் தெரிகிறது. எதற்குச் செலவானது என்பது மட்டும் வீட்டுக் கணக்கில் இல்லை.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அப்பா, இத்தன வருஷமா ஒரு காசு வித்தியாசம் வந்ததில்ல. இப்ப மட்டும் எங்க போகுது?"

"எல்லாம் போட்டேம்மா. ஒண்ணு விடாம போட்டேன்" என்றாள் என் மனைவி.

"போட்டா இருக்கணும்ல? இல்லையே."

அவள் உள்ளே போய் ரசீதுகளைக் கொண்டுவந்தாள். வேலை செய்கிற இடத்துப் பழக்கம், தட்டி முடித்ததும் ரசீதைக் கிழித்துவிடுவாள். அன்றைய ரசீதுகள் மட்டும்தான் மிச்சம். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. நான் ஏதேதோ சொன்னேன். "வங்கிக்காரன் தப்புப் பண்ணியிருப்பான்" என்றேன், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்றேன். நான் வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது.

அன்றைக்கு அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "இருபது வருஷத்துக்கு மேல அந்தக் கவுன்டர்ல உக்காந்திருக்கேன். என் கையால லேபிள் ஒட்டின ஒரு பார்சல் காணாமப் போனதில்ல. இந்த வீட்ல சமைக்கிறேன், துவைக்கிறேன், அதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்ல. ஆனா சந்தேகப்படுற இடத்துல என்னால இருக்க முடியாதுங்க. கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருக்கேன்."

"எவ்வளவு நாள்?"

"தெரியல."

சனிக்கிழமை காலையில் ஒரு சின்னப் பையோடு போய்விட்டாள். போகிற போக்கில் குளிர்பெட்டியில் எங்களுக்கு மூன்று கிண்ணம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இரண்டாவது முறையும் வீடு காலியாகுமா என்று நினைத்தபடி குளிர்பெட்டியை மூடினேன். மகளிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. அவள் காவல் காத்தது பணத்தை இல்லை என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். "அவங்க வந்ததுலேருந்து என்ன போட்டிருக்காங்க, என்ன போடலன்னு வரிசையா பாத்துடலாம்ப்பா. நீங்களும் உக்காருங்க. அப்புறம் நான் மறைச்சேன்னு சொல்லக்கூடாது" என்றாள். அந்தப் பேச்சில் இன்னும் கோபம் இருந்தது. உட்கார்ந்தேன்.

அந்த மென்பொருளில் எப்போதும் செலவு நடந்த தேதிப்படிதான் வரிசை இருக்கும். மகள் எங்கெங்கோ அழுத்தித் தேடி, ஒளிந்திருந்த ஒரு பத்தியை வெளியே இழுத்தாள். 'உள்ளிட்ட தேதி' என்று தலைப்பு. செலவு என்றைக்கு நடந்தது என்பது ஒன்று, அதை உட்கார்ந்து தட்டியது என்றைக்கு என்பது வேறொன்று. இரண்டாவதை யாரும் போட வேண்டியதில்லை, மென்பொருளே தன்பாட்டுக்குக் குறித்துக்கொள்ளும். மகள் அந்தத் தலைப்பை ஒருமுறை அழுத்தினாள். வரிகளெல்லாம் இடம் மாறி, தட்டிய வரிசையில் வந்து நின்றன.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது மே மாசந்தான?"

"ஆமா. ஏன்?"

"நாம ஆகஸ்ட்ல முட்ட வாங்கியிருக்கோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முட்டை, ஆகஸ்ட் நாலு. மின்கட்டணம், அக்டோபர் மூன்று. என் முதுகுவலித் தைலம், செப்டம்பர் இரண்டு. எல்லாம் அவள் தட்டியவைதான், ஒன்று விடாமல். பிறக்காத மாதங்களில் போய் உட்கார்ந்திருந்தன. செலவுத் தேதி வரிசையில் மென்பொருள் இன்றைய தேதிவரை உள்ளதைத்தான் காட்டும், கூட்டும். ஆகஸ்ட் முட்டையை மே மாதத்தில் அது எப்படிக் கழிக்கும்?

மகள் விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "டிசம்பர் அஞ்சு. எனக்குச் செருப்பு" என்றாள். மேசைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்தாள். போன வாரம் வாசலில் அவளுடைய பழசு அறுந்து கிடந்த இடத்தில் யாரும் சொல்லாமல் வந்து நின்ற புதுச் செருப்பு அது. நான் வாங்கியதாக அவள் நினைத்திருந்தாள்.

"ஆனா பதிமூணாம் தேதிக்கு மேல போட்டதெல்லாம் சரியா இருக்குப்பா. மாசத்தோட மொத பன்னண்டு நாள் மட்டும் ஏன்..." என்று முணுமுணுத்தவள், சட்டென்று எழுந்து சமையலறைக்கு ஓடினாள். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியில் என் மனைவியின் அச்சுக் கையெழுத்து. 05/15.

"பதினஞ்சாவது மாசம்னு ஒண்ணு இருக்காப்பா?"

அப்போதுதான் எனக்கும் விடிந்தது. அவள் அலுவலகத்துக்குத் தலைமையகம் கடல் தாண்டி எங்கோ இருக்கிறது. அங்கிருந்து வரும் படிவத்தில் முதல் கட்டம் மாதத்துக்கு, அடுத்ததுதான் தேதிக்கு. அவள் கை இருபது வருடமாக அப்படியே பழகிவிட்டது. எங்கள் வீட்டு மென்பொருளோ தேதியை முதலில் எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் எட்டாம் தேதி முட்டையை அவள் 04/08 என்று தட்ட, அது ஆகஸ்ட் நாலாகப் படித்துவிட்டது. பன்னிரண்டைத் தாண்டினால் அப்படி ஒரு மாதம் இல்லையாதலால், அதுவே சரிசெய்துகொண்டு கமுக்கமாக இருந்துவிட்டது. எங்கள் வீட்டில் காசு கரைவதும் அந்த முதல் பன்னிரண்டு நாளில்தானே.

மே நாலாம் தேதி செய்த சூப்பும் இப்படித்தான் ஏப்ரல் ஐந்தாகிக் குப்பைக்குப் போயிருக்கிறது.

மகள் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "சூப்ப ஏன் கொட்டினன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அவங்க!" என்று அழுகைக்கு நடுவில் என் மனைவிமேலேயே கோபம். என் மகளல்லவா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நான் உடனே போன் பண்ணப் போனேன். மகள் தடுத்துவிட்டாள். "இது போன்ல சொல்ற விஷயம் இல்ல. நாந்தான கேட்டேன், நானே போறேன்" என்றாள்.

மறுநாள் அந்தப் பார்சல் அலுவலகத்தில் நடந்ததை மகள் ஒரு மாதிரி சொல்வாள், மனைவி வேறு மாதிரி சொல்வாள். இரண்டையும் சேர்த்து நான் சொல்கிறேன். மகள் மற்றவர்களோடு வரிசையில் நின்றிருக்கிறாள். முறை வந்ததும் கவுன்டருக்குப் போயிருக்கிறாள். என் மனைவி தலை நிமிராமல், "என்ன அனுப்பணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"உங்களத்தான். வீட்டுக்கு."

தலை நிமிர்ந்தது. பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் முடிங்கம்மா" என்று சத்தம் போட, என் மனைவி பழக்கதோஷத்தில் ஒரு படிவத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். மகள் அதை வாங்கி முதல் கட்டத்தைப் பார்த்திருக்கிறாள். மாதம் என்று அச்சடித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, அந்தக் கவுன்டரிலேயே ஆகஸ்ட் முட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தாராம். மகள் அழுதாள் என்கிறாள் மனைவி. அவங்கதான் அழுதாங்க என்கிறாள் மகள். கடையைச் சாத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனவே கண்ணை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அந்தச் சின்னப் பை திரும்பவும் அலமாரிமேல் ஏறியிருந்தது. நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாயிற்று. பழைய வரிகளையெல்லாம் மகள் உட்கார்ந்து சரியான மாதத்துக்கு இழுத்துவந்தாள். வங்கியும் மென்பொருளும் ஒரே தொகையைச் சொன்னன. கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். "எதுக்கு? அவங்கதான் நல்லா பண்றாங்களே" என்றுவிட்டாள். இனித் தலைவலி இல்லை என்று நானும் நிம்மதியாக வில்லை தேய்க்கப் போய்விட்டேன்.

ஜூன் பிற்பகுதியில் ஒரு சாயங்காலம். மகள் மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மனைவி உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் சுருங்கியது. எனக்குத் திக்கென்றது.

"என்னம்மா?"

"ஒத்துப்போகலப்பா."

எழுந்துபோய்ப் பார்த்தேன். வித்தியாசத் தொகை திரையின் மூலையில் சிவப்பாக நின்றது. போன முறையைவிடப் பெரிய தொகை. உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் காதில் விழாமல் இதை எப்படி மூடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

மகளோ ஏற்கெனவே அந்த 'உள்ளிட்ட தேதி'யை அழுத்திவிட்டாள். வரிகள் புரண்டு வந்து நின்றன. இந்த மாதம் பத்தாம் தேதி என் மனைவி தன் கையால் போய்க் கட்டிவிட்டு வந்த மகளின் பரீட்சைக் கட்டணம், அக்டோபர் ஆறில் இருந்தது. பக்கத்திலேயே நவம்பரில் தக்காளி.

"சித்தி!" என்று மகள் கத்தினாள். "நீங்க எப்பலேருந்து தேதிய முன்னாடி போட ஆரம்பிச்சீங்க?"

"போன மாசத்துலேருந்தே அப்படித்தான் போடுறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "உங்க வழக்கம் அதுதானேன்னு ஒரு வாரம் எழுதி எழுதிப் பழகினேன். ஏன், இப்பவும் தப்பா?"

"ஐயோ சித்தி! நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு நான்தான் இத மாசம் முன்னாடி வர்ற மாதிரி மாத்தி வச்சேன்!"

"நீ எதுக்கு மாத்தின?"

"நீங்க எதுக்கு மாறுனீங்க?"

மடித்த துண்டைத் தோளில் போட்டபடியே என் மனைவி வெளியே வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது போதும், இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. ஒரு பரீட்சைக் கட்டணம் அளவுக்குப் பணம் கணக்கில் குறைகிறது. அது எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவே இல்லை.